பெருந்தொற்றுக்குப் பின் ஆபரேஷன் தியேட்டரை மறுபடி திறப்பது: ஒரு நடைமுறை வழிகாட்டி

2020 மார்ச்சில் இந்தியா முழுக்க மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. முதல் அலையின் உச்சமான 12 வாரங்களில் உலகெங்கும் சுமார் 2.84 கோடி ஆபரேஷன்கள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு அந்த ஆண்டு மே மாதம் கணக்கிட்டது. அதில் இந்தியாவின் பங்கு 5,80,000-க்கும் மேல். 2021 இரண்டாம் அலையில் அதே கதவுகள் மறுபடி மூடின. கதவை மூட ஓர் உத்தரவு போதும். திறப்பதற்குக் குறைந்தது இரண்டு வார வேலை இருக்கிறது. அந்த வேலையைத் தவிர்த்துவிட்டு முதல் நாளே முழு ஆபரேஷன் லிஸ்ட் போட்ட இடங்களில்தான் காயத் தொற்றும், பாதியில் நின்ற மயக்க மருந்து மெஷினும், மதியம் இரண்டு மணிக்குக் கேஸைத் திருப்பி அனுப்பும் அவலமும் வரும்.

இரண்டு முதல் நான்கு தியேட்டர் உள்ள, 100 முதல் 200 படுக்கை கொண்ட மருத்துவமனையை மனதில் வைத்து எழுதியது இது. தமிழ்நாட்டில் தாலுகா மருத்துவமனைகளும் ஊர்ப்புறத் தனியார் மருத்துவமனைகளும் பல இந்த அளவுதான். கோவிட்டை வைத்துச் சொன்னாலும், அடுத்து எந்தச் சுவாசத் தொற்று வந்தாலும் வேலையின் வரிசை இதுவே: முதலில் கட்டடம், பிறகு கருவி, பிறகு ஆட்கள், பிறகு லிஸ்ட், கடைசியில் நோயாளி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, நோயாளிக்குத் தேதி கொடுத்த பிறகு ஏசி மெக்கானிக்கைத் தேடக் கூடாது.

எப்போது திறக்கலாம்

அமெரிக்காவின் அறுவைச் சிகிச்சை, மயக்கவியல், தியேட்டர் செவிலியர், மருத்துவமனைச் சங்கங்கள் 2020 ஏப்ரலில் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை ஓர் அடிப்படை அளவைச் சொன்னது: அந்தப் பகுதியில் புதிய தொற்றாளர் எண்ணிக்கை குறைந்தது 14 நாள் தொடர்ந்து இறங்கியிருக்க வேண்டும். நல்ல அளவுகோல்தான், ஆனால் அது ஊரின் நிலையைத்தான் காட்டும். உங்கள் மருத்துவமனை தயாரா என்பதை வேறு மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்.

முதலாவது ஐசியு. ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கென்று படுக்கையும் வென்டிலேட்டரும் கோவிட் வார்டிலிருந்து தனியே பிரித்து வைத்திருக்கிறீர்களா? "தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது படுக்கை ஆகாது.

இரண்டாவது ஆக்சிஜன். தியேட்டரில் குறைந்த வாயு ஓட்டத்தில் மயக்க மருந்து கொடுத்தால் நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் போதும். வார்டில் மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ நேசல் கேனுலாவில் இருக்கும் ஒரே நோயாளி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுப்பார். 7,000 லிட்டர் கொள்ளும் ஜம்போ சிலிண்டர் அவருக்கு இரண்டு மணி நேரம்கூட வராது. ஆகவே தியேட்டருக்கு ஆக்சிஜன் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை வார்டில்தான் கிடைக்கும். ஹை ஃப்ளோவில் எத்தனை பேர், நாளொன்றுக்கு எவ்வளவு செலவு, டேங்கர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைத் தினமும் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்கள். கோவிட் பணிக்கு அனுப்பிய ஸ்டாஃப் நர்ஸ், தியேட்டர் டெக்னீஷியன், மயக்க மருந்து மருத்துவர் ஆகியோர் பெயர் பெயராகத் திரும்பி வந்திருக்க வேண்டும். பாதிப் பேர் இன்னும் வார்டிலேயே இருக்கும்போது பழைய எண்ணிக்கையில் லிஸ்ட் போட முடியாது.

திறக்கும் முன்பே மூடும் வரம்பையும் எழுதிவிடுங்கள். ஐசியு படுக்கை இத்தனைக்குக் கீழே போனால், ஆக்சிஜன் கையிருப்பு இத்தனை மணி நேரத்துக்குக் குறைந்தால், தியேட்டர் ஊழியரில் இத்தனை பேர் தொற்றால் விடுப்பில் போனால், திட்டமிட்ட கேஸ்கள் நிற்கும் என்று எண்களோடு எழுத வேண்டும். அலை ஏறும் நேரத்தில் உட்கார்ந்து பேசினால் குரல் உயர்ந்தவர் சொல்வதே முடிவாகிவிடும்.

காற்று

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த தியேட்டரில் முதல் பகை ஈரம். ஏசியை நிறுத்திய அறையில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மழைநீர் கசிந்திருக்கலாம்; ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டின் வடிகால் தட்டில் பாசி பிடித்திருக்கலாம்; ஃபில்டரில் பூஞ்சை முளைத்திருக்கலாம். சுவரைத் துடைப்பதற்கு முன் சீலிங் பலகை இரண்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எலி எச்சம், கரையான் மண், கருத்த திட்டு எது தெரிந்தாலும் அதைச் சரிசெய்த பிறகே சுத்தம் தொடங்கும்.

பிறகு வரிசையாக: வடிகால் தட்டையும் காயிலையும் கழுவுதல், ப்ரீ ஃபில்டர் மாற்றுதல், நுண்துகளைத் தடுக்கும் ஹெப்பா ஃபில்டரின் இருபக்க அழுத்த வேறுபாட்டைப் பார்த்து அடைப்பும் கசிவும் சோதித்தல், காற்று ஓட்டத்தை அளந்து மணிக்கு எத்தனை காற்று மாற்றம் என்று கணக்கிடுதல். மருத்துவமனைத் தர அங்கீகார வாரியமான என்ஏபிஹெச்சின் அளவுப்படி மணிக்குக் குறைந்தது 20 மாற்றம் வேண்டும். அதில் 4 வெளிக்காற்றாக இருக்க வேண்டும். வெப்பம் 21 டிகிரியை ஒட்டி, ஈரப்பதம் 20 முதல் 60 சதவீதத்துக்குள். தியேட்டருக்குள் அழுத்தம் வெளி வராந்தாவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கதவிடுக்கில் ஒரு டிஷ்யூத் தாளைப் பிடித்தால் அது வெளிப்பக்கமாகப் பறப்பதே எளிய சோதனை.

2020-இல் சிலர் பயத்தில் எல்லாத் தியேட்டரையும், உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும் நெகட்டிவ் பிரஷருக்கு மாற்றினார்கள். தொற்று உறுதியான நோயாளிக்கென ஒதுக்கிய ஒரு தியேட்டருக்கு, முறையான முன்னறையோடு, அது பொருந்தும். மற்றவற்றில் அப்படியே விட்டால் வராந்தாத் தூசியைத் திறந்த வயிற்றின் மேல் இழுக்கும் வேலையைத்தான் அது செய்யும். அப்படி மாற்றியிருந்தால் திரும்ப மாற்றி, அளந்து, எழுதிவையுங்கள்.

ஸ்ப்ளிட் ஏசி மட்டும் உள்ள சிறு மருத்துவமனைகளில் சிக்கல் பெரியது. ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். வெளிக்காற்று ஒரு துளியும் வராது. ஃபில்டர் வைத்த வெளிக்காற்று ஃபேன் ஒன்றைப் பொருத்தாமல் அந்த அறையில் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு மயக்கம் கொடுக்கும் கேஸ்களைத் தொடங்க வேண்டாம். செலவு ஆகும், ஆனால் இது பெருந்தொற்று போன பிறகும் பயன்படும் செலவு.

எல்லாம் சரியானதும் யூனிட்டை 24 முதல் 48 மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, இரண்டு முறை ஈரத்துடைப்பு செய்து, அதன் பிறகே கிருமி வளர்ப்புச் சோதனையான கல்ச்சர் எடுங்கள். காற்றிலிருந்து விழும் கிருமியைப் பிடிக்கும் செட்டில் பிளேட் வைக்கும் முறை நினைவில் நிற்க எளிது: தரையிலிருந்து 1 மீட்டர் உயரம், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 1 மணி நேரம் திறந்துவைத்தல். பாக்டீரியா ஓரிரு காலனி வந்தால் சுத்தத்தை மீண்டும் செய்து பார்க்கலாம். ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை ஒரே ஒரு காலனி வந்தாலும் திறக்காதீர்கள். ஏசிக் குழாயிலோ சீலிங்கிலோ ஈரம் இன்னும் இருக்கிறது என்பதே அதன் பொருள். துடைப்பதால் அது போகாது.

ஃபார்மலின் புகை போடும் பழக்கம் பல இடங்களில் இன்னும் விடவில்லை. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது. தூசியும் அழுக்கும் இருக்கும் பரப்பில் அது வேலையும் செய்யாது. சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினி போடுவதற்கு மாற்று எதுவும் இல்லை. சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு 4 பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம் கிடைக்கும். 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். கேனில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் நம் வெயிலில் ஸ்டோரில் கிடந்த சரக்கு பாதியாக வலுவிழந்திருக்கும், எனவே புதிய தேதி பார்த்து வாங்குங்கள். உலோகக் கருவி, மானிட்டர், ஆபரேஷன் மேசையின் மூட்டுகளுக்கு ஹைப்போகுளோரைட் ஆகாது, அரிக்கும். அவற்றுக்கு 70 சதவீத ஆல்கஹால்.

தண்ணீர்

எல்லோரும் காற்றைப் பார்ப்பார்கள், தண்ணீரை மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் திறக்காத குழாயில் நிற்கும் தண்ணீர், மொட்டைமாடித் தொட்டியின் சூட்டில், லெஜியோனெல்லாவும் சூடோமோனாஸும் வளரத் தோதான இடம். கை கழுவும் ஸ்க்ரப் குழாயிலிருந்தே தியேட்டருக்குள் வரும் தொற்று இது.

தொட்டியை வடித்து, அடிச்சேற்றை வாரித் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் வரும்படி ப்ளீச்சிங் பவுடர் சேர்க்க வேண்டும். பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் 1,000 லிட்டருக்கு 150 கிராம். பழசாகி 25 சதவீதமாக இறங்கியிருந்தால் 200 கிராம். ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் கடைசிக் குழாய்வரை வந்து குளோரின் வாடை அடிக்கும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்து, மூடி, 1 மணி நேரம் நிறுத்திவைத்து, முழுதும் வடித்துவிடுங்கள். புதுத் தண்ணீர் நிரப்பிய பின் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. எச்சக் குளோரின் இருக்கிறதா என்று சோதனைக் கிட்டில் பாருங்கள். தண்ணீரைப் பீய்ச்சித் திறக்கும் ஊழியர் என்95 மாஸ்க் அணிய வேண்டும், ஏனென்றால் லெஜியோனெல்லா தெறிக்கும் திவலை வழியாகத்தான் நுரையீரலுக்குப் போகும். யாரும் பயன்படுத்தாத, முனை மூடிய கிளைக் குழாய்கள் இருந்தால் வெட்டி அடைத்துவிடுங்கள். திறந்த பிறகும் தினமும் காலையில் ஒவ்வொரு ஸ்க்ரப் குழாயும் சில நிமிடம் ஓட வேண்டும்.

ஆட்டோகிளேவும் பழைய பேக்குகளும்

நின்றுபோன ஆட்டோகிளேவில் முதலில் போவது கதவின் ரப்பர் கேஸ்கெட். காய்ந்து வெடித்த கேஸ்கெட் வழியே காற்று உள்ளே புகும். காற்று நின்ற இடத்தில் நீராவி நுழையாது. பேக்கின் நடுவில் இருக்கும் கத்தி வேகாமலே வெளியே வரும். வெளியே ஒட்டிய டேப்போ அழகாகக் கறுத்திருக்கும். டேப் கறுப்பது வெப்பம் பட்டதைச் சொல்லுமே தவிர, உள்ளே கிருமி செத்ததைச் சொல்லாது.

ஆகவே கேஸ்கெட், பாதுகாப்பு வால்வு, பிரஷர் கேஜ் மூன்றையும் சர்வீஸ் செய்த பிறகு, ப்ரீ வேக்யூம் வகை என்றால் முதலில் கசிவுச் சோதனை. அதன் பிறகு பயாலஜிக்கல் இண்டிகேட்டரோடு மூன்று சுற்று, காலி ஆட்டோகிளேவில், காற்று முழுதும் வெளியேறுகிறதா என்று காட்டும் போவி டிக் சோதனை மூன்று சுற்று, எல்லாம் அடுத்தடுத்துத் தேற வேண்டும். போவி டிக் சுற்று 134 டிகிரியில் மூன்றரை நிமிடம். அதற்கு மேல் வைத்தால் குறை மறைந்துவிடும். பயாலஜிக்கல் இண்டிகேட்டரில் இருப்பது ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் வித்துகள். அவை செத்தால் மற்றதும் செத்திருக்கும். ஆறில் ஒன்று தவறினாலும் காரணத்தைச் சரிசெய்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். போர் தண்ணீரில் ஓடும் நீராவி பாய்லராக இருந்தால் உப்புப் படிவத்தையும் பாருங்கள்.

மூடும் முன் ஸ்டெரைல் செய்து அலமாரியில் வைத்த பேக்குகளை எண்ணிப் பார்த்து மகிழ வேண்டாம். ஈரம் பட்ட, கட்டு தளர்ந்த, தூசி படிந்த துணிப் பேக் எதுவானாலும் பிரித்து, துவைத்து, மறுபடி ஏற்றுங்கள். தியேட்டரே ஈரத்தில் கிடந்திருந்தால் சந்தேகம் பாராமல் அத்தனையும். வாங்கிவைத்த தையல் நூல், மெஷ், லென்ஸ், இம்பிளான்ட் எல்லாவற்றின் காலாவதித் தேதியையும் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் எழுத வேண்டும்.

மயக்க மருந்து மெஷின்

அலையின்போது பல மெஷின்கள் வென்டிலேட்டராகப் போய், நாள்கணக்கில் ஓடித் திரும்பியிருக்கின்றன. அப்படிப் போனவற்றைக் கம்பெனி இன்ஜினியர் பார்க்காமல் நோயாளிக்கு மாட்டாதீர்கள்: உள்வால்வுகளில் நீர் கோத்திருக்கும், ஃப்ளோ சென்சர் ஓய்ந்திருக்கும். மூலையில் சும்மா நின்றவற்றுக்கு வேறு நோய். பேட்டரி செத்திருக்கும், ஆக்சிஜன் செல் பயன்படுத்தாமலே தீர்ந்து, தவறான அளவு காட்டும்.

மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைமைப் பார்க்காமலே கொட்டி மாற்றுங்கள். ஆக்சிஜன் ஃப்ளோ லேசாகத் திறந்தபடி கிடந்த மெஷினில் அது எலும்பாகக் காய்ந்திருக்கும். காய்ந்த சோடா லைமோடு மயக்க மருந்துகளான டெஸ்ஃப்ளுரேனோ ஐசோஃப்ளுரேனோ சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். செவோஃப்ளுரேனோடு சேர்ந்தால் கடும் வெப்பம். பல்ஸ் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே காட்டும் என்பதால் யாருக்கும் தெரியாமல் நடந்துமுடியும். நிறம் மாறாததை வைத்து நல்லது என்று முடிவு செய்யக் கூடாது.

அலையின்போது புதிதாகக் குழாய் இழுத்திருந்தால், புதிய ஆக்சிஜன் பிளான்ட் சேர்த்திருந்தால், தியேட்டரின் ஒவ்வொரு வால் அவுட்லெட்டிலும் அனலைசர் வைத்து உண்மையாகவே ஆக்சிஜன்தான் வருகிறதா என்று அளவு எழுதுங்கள். நைட்ரஸ் குழாயும் ஆக்சிஜன் குழாயும் மாறிய விபத்துகள் கட்டட வேலைக்குப் பிறகுதான் நடக்கின்றன. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் உள்ளூர் பிஎஸ்ஏ பிளான்ட் கொடுப்பது 93 சதவீதத்தை ஒட்டிய ஆக்சிஜன். திரவ டேங்க் தருவது 99-க்கு மேல். மானிட்டரில் 92 அல்லது 93 பார்த்ததும் டெக்னீஷியன் பதறிச் சென்சரைக் குறைசொல்லாமலிருக்க, எது ஓடுகிறது என்று பலகையில் எழுதிவையுங்கள். சர்க்யூட்டை 30 செ.மீ. நீரழுத்தத்தில் ஏற்றி 10 விநாடி இறங்காமல் நிற்கிறதா என்று ஒவ்வொரு காலையிலும் பார்க்க வேண்டும். மெஷினுக்குப் பின்னால் நிரம்பிய மாற்றுச் சிலிண்டரும் ஸ்பேனரும் இருக்க வேண்டும்.

டிஃபிப்ரிலேட்டர், சக்ஷன், காட்டரி, ஜெனரேட்டர் மாற்றுச்சுவிட்ச் இவற்றை லோடு கொடுத்தே சோதியுங்கள். சக்ஸமெத்தோனியம், அட்ராகூரியம் போன்ற தசை தளர்த்தும் மருந்துகள் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியவை. மூடிய நாள்களில் ஃப்ரிட்ஜ் எத்தனை முறை நின்றது என்று யாருக்கும் தெரியாதென்றால் அவற்றைத் தூக்கிப் போடுவதே மலிவு.

ரத்தம் குறித்து ஒரு வரி: அலைக்காலத்தில் முகாம்கள் நின்று கையிருப்பு வற்றியிருக்கும், ஆகவே ரத்தம் தேவைப்படும் கேஸுக்குத் தேதி வைக்கும் முன் ரத்த வங்கியிடம் பேசுங்கள், வைத்த பிறகு வேண்டாம்.

காத்திருப்போர் பட்டியல்

பழைய நோட்டில் இருக்கும் வரிசைப்படி கூப்பிட ஆரம்பிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அந்த நோட்டு இறந்தகாலத்தைத்தான் சொல்லும். ஆறு மாதத்தில் ஒருவரது குடலிறக்கம் சிக்கி வேறெங்கோ அவசர ஆபரேஷன் ஆகியிருக்கும், ஒருவரது கட்டி பரவியிருக்கும், ஒருவர் கர்ப்பமாக இருப்பார், ஒருவர் இறந்திருப்பார். ஆகவே ஒவ்வொருவரிடமும் பேசுவதே முதல் வேலை. மூன்று வெவ்வேறு நாளில், ஒருமுறையாவது மாலையில், போன் செய்யுங்கள். எடுக்காதவரின் பெயரை அடிக்க வேண்டாம். ரீசார்ஜ் செய்யாத போன், மகனோடு வெளியூர் போன போன், எண்ணே கொடுக்காத மூதாட்டி என்று பட்டியலில் விடுபடுவது எப்போதும் வசதி குறைந்தவர்தான். கிராம சுகாதாரச் செவிலியர் வழியாகவோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வழியாகவோ அவர்களது வீட்டுக்குச் செய்தி போக வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் முன்பு வாங்கிய அனுமதி இன்னும் செல்லுபடியாகிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

பேசிய பிறகு தரம் பிரித்தல். இங்கிலாந்தின் அறுவைச் சிகிச்சைக் கல்லூரிகள் 2020-இல் வகுத்த முறை எளிமையானது: 24 மணி நேரத்துக்குள், 72 மணி நேரத்துக்குள், 4 வாரத்துக்குள், 3 மாதத்துக்குள், 3 மாதத்துக்கு மேலும் காத்திருக்கலாம் என்று ஐந்து தட்டுகள். நோயின் பெயரை மட்டும் வைத்துத் தட்டில் போடாதீர்கள். கண்புரை கடைசித் தட்டு என்பார்கள்; முற்றிய புரை கண்ணழுத்தத்தை ஏற்றினால் பார்வை திரும்பாது, இரு கண்ணும் தெரியாதவருக்கு அந்த ஆபரேஷன்தான் நடமாட்டமே. பிறவிக் கண்புரை, விதைப்பைக்குள் இறங்காத விதை, உதடு-அண்ணப் பிளவு போன்ற குழந்தைக் கேஸ்களுக்கு வயது ஒரு கெடு. அது கடந்தால் ஆபரேஷன் செய்தும் முழுப்பயன் இல்லை. பித்தப்பைக் கல்லால் ஒருமுறை கணைய அழற்சி வந்தவர் சும்மா கல் இருப்பவரோடு சேர்த்தியில்லை. டயாலிசிஸுக்கு ரத்தநாள இணைப்பான ஃபிஸ்துலா போட வேண்டியவரைக் "காத்திருக்கலாம்" தட்டில் பார்த்தால் உடனே மேலே தூக்குங்கள்.

தட்டு நிலையானதும் அல்ல. கடைசித் தட்டில் இருப்பவரையும் 3 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். தரம் பிரிப்பதை ஒரு சர்ஜன் தனியாகச் செய்யாமல், இன்னொரு துறை சர்ஜன், மயக்க மருந்து மருத்துவர், தியேட்டர் பொறுப்பு சிஸ்டர் மூவரும் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து செய்தால் சிபாரிசுக்கு இடம் குறையும்.

அடுத்தது கணக்கு. எடுத்துக்காட்டாக, வாரம் 40 கேஸ் செய்த மருத்துவமனை. வாரம் 36 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். தேங்கியிருப்போர் 400 பேர். பழைய வேகத்துக்கே திரும்பினால் வாரம் 4 பேர்தான் குறைவார்கள், தேக்கம் தீர 100 வாரம். கட்டுப்பாடுகளால் 30 மட்டும் செய்தால் தேக்கம் வாரம் 6 பேர் கூடிக்கொண்டே போகும். 20 சதவீதம் கூட்டி 48 செய்தால் 34 வாரத்தில் தீரும். கோவிட்சர்ஜ் மதிப்பீடும் இதை ஒட்டியே வந்தது: வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடுதலாகச் செய்தால் 12 வாரத் தேக்கம் தீர ஏறக்குறைய 45 வாரம். இந்தக் கணக்கை நிர்வாகத்தின் முன் வைத்தால்தான் சனிக்கிழமை லிஸ்டுக்கு ஆளும் பணமும் கேட்க முடியும். இருக்கும் ஆட்களையே கூடுதல் நேரம் நிற்கவைத்து 48 எடுக்க நினைத்தால் இரண்டு மாதத்தில் ராஜினாமாக் கடிதங்கள் வரும்.

தொற்று வந்து போனவர்

இதுபற்றி நல்ல தரவு இருக்கிறது. 116 நாடுகளில் 1,40,231 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. தொற்றே வராதவர்களில் ஆபரேஷனுக்குப் பின் 30 நாள் இறப்பு 1.5 சதவீதம். தொற்று வந்து 2 வாரத்துக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் 4.1, 3 முதல் 4 வாரத்தில் 3.9, 5 முதல் 6 வாரத்தில் 3.6, 7 வாரம் கடந்தால் மறுபடி 1.5. ஏழு வாரக் காத்திருப்பு என்ற விதி இங்கிருந்துதான் வந்தது. 7 வாரம் கடந்தும் மூச்சுத்திணறல் போன்ற அறிகுறி மிச்சமிருந்தவர்களில் இறப்பு 6 சதவீதம் என்பதை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். காலண்டரை மட்டும் பார்த்தால் போதாது.

அந்தத் தரவு தடுப்பூசிக்கும் ஒமிக்ரானுக்கும் முந்தையது. பின்னர் வந்த வழிகாட்டுதல்கள், தடுப்பூசி போட்டு லேசாக வந்துபோனவருக்குக் காத்திருப்பைச் சுருக்க இடம் கொடுத்தன. புற்றுநோய் போல, காத்திருப்பதே ஆபத்தான நோயில் ஏழு வாரத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது. இரண்டு ஆபத்தையும் நோயாளியிடமும் குடும்பத்திடமும் எண்ணோடு சொல்லி முடிவெடுக்க வேண்டும். புதிய நோய்க்கிருமி என்றால் அதற்கான தரவு வரும்வரை நீண்ட காத்திருப்பின் பக்கமே நிற்பது நல்லது.

ஃபிட்னஸுக்கு வரும்போது இவர்களிடம் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. 40 காலடி எடுத்து நடக்கவைத்து ஆக்சிஜன் அளவு பாருங்கள். 3 சதவீதமோ மேலோ இறங்கினால் நுரையீரல் இன்னும் தேறவில்லை. ஸ்டீராய்டு எத்தனை நாள் எடுத்தார் என்று மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடந்த 3 மாதத்துக்குள் 4 வாரமோ அதற்கு மேலோ எடுத்திருந்தால் அட்ரீனல் சுரப்பி சோர்ந்திருக்கும், மயக்கத்தின்போது ரத்த அழுத்தம் விழுந்து ஏறாமல் போகலாம். டிஸ்சார்ஜில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தால் அது இன்னும் ஓடுகிறதா என்று கேட்காமல் ஸ்பைனல் ஊசியைத் தொடக் கூடாது.

தொற்றே வராதவருக்கும் பழைய பரிசோதனைத் தாள் செல்லாது. ஊரடங்கில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்கள் ஏராளம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அவசரமில்லாத கேஸை நிறுத்திச் சர்க்கரையை இறக்கிவிட்டு வரச்சொல்லலாம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய 6 வாரமாவது வேண்டும், ஆகவே அந்தப் பரிசோதனையைத் தேதி கொடுக்கும் நாளிலேயே எடுங்கள். காத்திருக்கும் வாரங்களைத் தினசரி நடைப்பயிற்சிக்கும் புகையிலை விடுவதற்கும் பயன்படுத்தச் சொல்வது வெறும் அறிவுரையாகத் தோன்றும், ஆனால் நுரையீரல் சிக்கலைக் குறைப்பதில் இதற்கு இணையான மருந்து கிடையாது.

பரிசோதனை

தொற்று பரவலாக இருக்கும்போது ஆபரேஷனுக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆர்டி-பிசிஆர், அதிலிருந்து தியேட்டர் வரும்வரை வீட்டில் தனித்திருத்தல் என்பது நியாயமான முறை. சமீபத்தில் தொற்று வந்துபோனவருக்கு 90 நாளுக்குள், அறிகுறி இல்லையென்றால், மறுபடி எடுக்க வேண்டாம்; செத்த வைரஸின் துணுக்கே பாசிட்டிவ் காட்டி ஆபரேஷனை வீணாகத் தள்ளும். பரவல் இறங்கியதும் எல்லோருக்கும் எடுப்பதை நிறுத்திவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் 2022 ஜனவரியிலேயே, அறிகுறி இல்லாதவருக்கு ஆபரேஷனுக்கென்றே பரிசோதனை தேவையில்லை என்றும், பரிசோதனை இல்லையென்று எந்த அவசரச் சிகிச்சையையும் தாமதிக்கக் கூடாதென்றும் சொல்லிவிட்டது. ரிசல்ட் வராத பிரசவ வலிக்காரரை வாசலில் நிறுத்திவைத்ததுபோல் இனி எங்கும் நடக்கக் கூடாது.

தியேட்டருக்குள்

ஆபத்தான நேரம் டியூப் போடுவதும் எடுப்பதும்தான். அப்போது அறையில் தேவையானவர் மட்டும் இருக்கட்டும். அனுபவம் மிக்கவர் போடட்டும், வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் அதைக்கொண்டு. டியூபைச் சுற்றியுள்ள கஃப் பலூனில் காற்று ஏற்றிய பிறகே முதல் மூச்சு கொடுக்க வேண்டும். நோயாளியின் பக்கம் ஒரு ஃபில்டர், மெஷினுக்குத் திரும்பும் குழாயில் ஒன்று. லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் இருக்கும் வாயுவை ஃபில்டர் வைத்த சக்ஷனில் வெளியேற்றிய பிறகே கருவி நுழையும் போர்ட்டை உருவ வேண்டும். ஸ்பைனலிலோ நரம்பு பிளாக்கிலோ முடியும் கேஸை அப்படியே முடிப்பது எல்லோருக்கும் நல்லது.

கேஸ்களுக்கு இடையே எவ்வளவு காத்திருப்பது என்பதைக் காற்று மாற்றம் சொல்லும். காற்றில் மிதப்பதில் 99.9 சதவீதம் வெளியேற, மணிக்கு 20 மாற்றம் உள்ள அறையில் 21 நிமிடம். 15 என்றால் 28. 12 என்றால் 35. 6 என்றால் 69. தொற்று உறுதியானவருக்கோ பரிசோதனை முடிவு தெரியாதவருக்கோ டியூப் எடுத்த பிறகே இந்தக் காத்திருப்பு. ஒவ்வொரு கேஸுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் விட்ட இடங்களில் லிஸ்ட் சுருங்கியது. 480 நிமிட நாளில் 60 நிமிடக் கேஸும் 20 நிமிட இடைவெளியும் என்றால் 6 கேஸ். இடைவெளி 60 ஆனால் 4 மட்டுமே. அளந்து தெரிந்த தியேட்டரில் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

முதல் வாரங்கள்

திறப்பதற்கு முந்தைய நாள் நோயாளி இல்லாமலே ஒரு முழுக் கேஸ் ஒத்திகை செய்யுங்கள்: வார்டிலிருந்து டிராலி கிளம்புவது, பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படிப்பது, கருவி எண்ணுவது, பாதியில் கரண்ட் போவது, ஆக்சிஜன் அலாரம் அடிப்பது வரை. மாதக்கணக்கில் கோவிட் வார்டில் நின்ற சிஸ்டருக்கு ரத்தம் ஒற்றும் மாப் துணிகளை எண்ணும் பழக்கம் கையில் தளர்ந்திருக்கும். அது அவரது குறையாகாது, பயிற்சி கொடுக்க வேண்டியது நிர்வாகம்.

முதல் வாரம் பழைய எண்ணிக்கையில் பாதி. ஆரோக்கியமானவர்கள், குறுகிய கேஸ்கள், அன்றே வீடு திரும்பக்கூடியவர்கள். ஒரு தியேட்டரை மட்டும் திறந்து, அது ஒரு வாரம் சிக்கலின்றி ஓடிய பிறகு அடுத்ததைத் திறங்கள். இரண்டாம் வாரம் 70, 80 சதவீதம், பெரிய வயிற்றுக் கேஸ்கள். மூட்டு மாற்று, எலும்புக்குள் பிளேட் வைப்பது போன்றவை கடைசியில் வரட்டும். கல்ச்சர் தொடர்ந்து இரண்டு வாரம் சுத்தமாக வந்த பிறகு. இம்பிளான்டில் ஏறும் கிருமியை மருந்தால் விரட்ட முடியாது, அந்த நோயாளி வருடக்கணக்கில் அவதிப்படுவார். அவசரம் என்ற முதல் மூன்று தட்டுக் கேஸ்கள் இந்தப் படிக்கட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அவற்றுக்கென்று ஒரு தியேட்டர் அலைக்காலத்திலும் ஓடியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் மாலையில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: போட்ட லிஸ்ட், முடிந்த கேஸ், ரத்தானது ஏன், எதிர்பாராமல் ஐசியு போனவர், விடுப்பில் இருக்கும் ஊழியர். நோயாளிக்கு 7-ஆம் நாளும் 30-ஆம் நாளும் போன் செய்து காயம், காய்ச்சல், இருமல் கேளுங்கள். இம்பிளான்ட் வைத்தவருக்கு 90-ஆம் நாளும். ஒரே தியேட்டரில் ஒரே வாரத்தில் இரண்டு சுத்தமான கேஸில் சீழ் வைத்தால் அந்தத் தியேட்டரை நிறுத்தி, காற்று, தண்ணீர், ஆட்டோகிளேவ் பதிவேடு மூன்றையும் முதலிலிருந்து பாருங்கள். ஆபரேஷனுக்குப் பின் வார்டில் ஒருவருக்குத் தொற்று புதிதாக வந்தால், அது வீட்டிலிருந்து வந்ததா, பக்கத்துப் படுக்கையிலிருந்து வந்ததா என்று அன்றே தேடத் தொடங்க வேண்டும். ரத்தான கேஸ் எதுவானாலும், நோயாளி வார்டை விட்டுப் போவதற்குள் அடுத்த தேதி அவர் கையில் எழுத்தில் இருக்க வேண்டும்.